பின்சில்லுக் கார்

கோயில் வாசலில் அன்று நின்றவர்கள்: என் அக்கா. அக்காவின் புருஷன், அதாவது அத்தான். ஐயர். நான். ஐந்தாவதாக ஒரு வெள்ளை நிறச் சின்னக் கார். அதற்குத்தான் பூசை.

நான் போயிருக்கத் தேவையில்லை. அக்கா இரண்டு தரம் போன் எடுத்தாள். போனேன்.

ஐயர் பொனட்டில் சந்தனம் பூசினார். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். அத்தான் ஏறி மெல்ல உருட்டினார். தேசிக்காய்கள் நசுங்கின. எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தையல் மெஷின் இதைவிடச் சத்தம் போடும். இதை வாங்குவதற்காகத்தான் என் காரை நசுக்கக் கொடுத்தார்கள்.

என்னுடையது அமெரிக்கக் கார். இரண்டு கதவு. ஐந்து லீட்டர் எஞ்சின், எட்டு சிலிண்டர். முன்சில்லு திருப்பும், பின்சில்லு தள்ளும். இப்போது வருகிற சின்னக் கார்களில் எல்லா வேலையும் முன்சில்லுக்குத்தான். அவை ஆளை இழுத்துக்கொண்டு போகும். என்னுடையது முதுகில் கை வைத்துத் தள்ளும். ஓட்டியவனுக்கு அது தெரியும். மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வராது.

லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் இருந்தேன். ஒரு கராஜில் டயர் கழற்றுகிற வேலை. பக்கத்தில் அமெரிக்கப் பட்டாளத்தின் முகாம். சோல்ஜர்மார் இந்த மாதிரிக் கார்களைக் கொண்டுவருவார்கள். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது எட்டாம் வகுப்பு. மிச்சம் எல்லாம் அந்தக் கார்களுக்குக் கீழே படுத்துப் படித்தது.

பிறகு லண்டன் வந்து, பார்க்கிங் என்ற ஊரில் ஒரு கராஜில் சேர்ந்தேன். முதலாளி எங்கட ஆள்தான், அவரும் ஜெர்மனியில் இருந்து வந்தவர். அங்கே ஒரு நாள் இந்தக் காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் செத்திருந்தது. சொந்தக்காரன் திருத்தக் காசில்லை என்று விற்கப் பார்த்தான். என் ஒரு மாதச் சம்பளம் போனது. ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்தினேன். பிஸ்டன், பேரிங், கியர்பொக்ஸ், எல்லாம் இந்தக் கையால்தான்.

ஓடத் தொடங்கியதும் ஒரு கரைச்சல் வந்தது. என் லைசன்ஸ் புதுசு. எட்டு சிலிண்டருக்கு எனக்கு இன்சூரன்ஸ் தர ஒருவரும் இல்லை.

"என்ரை பேரிலை போடுவம்," என்றார் அத்தான். "நீ ஓடு."

எங்கள் ஆட்களிடம் இது புதிதில்லை. வீடு ஒருவர் பேரில் இருக்கும், கட்டுவது இன்னொருவர். கடை ஒருவர் பேரில், வேலை செய்வது இன்னொருவர். ஒருவரும் எழுதி வாங்குவதில்லை. எழுதக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். நானும் கேட்கவில்லை. லொக்புக், அதாவது காரின் பதிவுப் பத்திரம், அத்தான் பேரில் வந்தது. வரியும் இன்சூரன்சும் நான் கட்டினேன்.

நான் இருந்தது அப்டன் பார்க் பகுதியில், வேறு சிலரோடு ஒரே அறையில். காரை விட இடமில்லை. அது பார்க்கிங்கில் அத்தான் வீட்டு முன்னால் நின்றது. மாதத்தில் ஒரு ஞாயிறு எடுப்பேன். சவுத்எண்ட் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். அவ்வளவுதான் அதன் ஓட்டம். ஒயில் மாற்றும்போதெல்லாம் மீட்டரில் ஓடிய மைலை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைப்பேன்.

பின்சில்லுக் காருக்குப் பின்பக்கம் பாரம் குறைவு. ஈர ரோட்டில் வாலை ஆட்டும். வெள்ளைக்காரர் டிக்கியில் மணல் பை போடுவார்கள். நான் இருபது கிலோ புழுங்கல் அரிசி மூட்டை போட்டேன். லண்டனில் ரோட் எப்போது காய்ந்தது? கோடையிலும் அதை இறக்கவில்லை.

அத்தான் சிரிப்பார். "அரிசியை ஏத்திக்கொண்டு கடல் பாக்கப் போறான். இது கார் இல்லையடா, பெற்றோல் குடிக்கிற யானை. இதோடை போனா பெற்றோல் செட்டிலைதான் பாய் விரிச்சுப் படுக்கோணும்."

நானும் சிரிப்பேன். அப்போது அது பகிடி.

பிறகு புகைக் கதை தொடங்கியது. ஒரு கார் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் புகை விடுகிறது என்று பார்த்துத்தான் வரி என்றார்கள். பெரிய எஞ்சின் லண்டனுக்குள் வந்தால் ஒரு நாளைக்கு இருபத்தைந்து பவுண் என்றார்கள். பிறகு இல்லை என்றார்கள். வீட்டு வாசலில் நிறுத்தும் பெர்மிட்டுக்குக் காசும் கூடும் என்று பேச்சு. ஒரு கார் வருடத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பெரிய எஞ்சின் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக விற்றார்கள். முதலாளி சொன்னார்: "உன்ரை எட்டு சிலிண்டர் இனி முடிஞ்சுது. கொம்பனிக்காரனே செய்ய மாட்டான். முன்சில்லு இழுக்கிற பெட்டியளைப் பழகு."

"பழகிறன்," என்றேன்.

அதற்குப் பிறகு அரசாங்கத்தின் திட்டம் ஒன்று வந்தது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட காரைக் கொடுத்தால் புதுக் காரில் இரண்டாயிரம் பவுண் கழிவு. பழையதை நசுக்கிவிடுவார்கள். ஆனால் அது எம்ஓடி என்கிற வருடச் சோதனையில் பாஸ் பண்ணிய, ஓடுகிற காராக இருக்க வேண்டும். கெட்டது வேண்டாம், நல்லதைத்தான் நசுக்குவார்கள். சூழலுக்கு நல்லதாம். இதை யோசித்தவன் ஒரு நாளாவது கையில் கிறீஸ் பட்டவனாக இருக்க மாட்டான்.

என் கார் பத்து வருடம் தாண்டியது. எம்ஓடி இருந்தது. அதை எடுத்ததும் நான்தான்.

ஒரு சனிக்கிழமை ஒயில் பில்டரோடு அத்தான் வீட்டுக்குப் போனேன். என் கார் நின்ற இடத்தில் வெள்ளைக் கார் நின்றது.

"கார் எங்கை அத்தான்?"

"உள்ளுக்கு வா. தேத்தண்ணி குடி."

"கார் எங்கை?"

"குடுத்திட்டன். ரெண்டாயிரம் கழிச்சவங்கள். உனக்கு அரைவாசி தாறன்."

"அது என்ரை கார்."

"லொக்புக்கிலை ஆற்றை பேர் கிடக்கு?"

அக்கா குசினி வாசலில் நின்றாள்.

"கடிதம் முழுக்க எனக்குத்தான் வருது. நாளைக்கு வரியைக் கூட்டினா என்னட்டைத்தான் கேப்பாங்கள்."

"கட்டினது நான்."

"ஓம், நீதான் கட்டினனீ. நான் இல்லை எண்டு சொல்லேல்லையே. இந்தப் புதுக் காருக்கு வரி முப்பத்தைஞ்சு பவுண்தான், பார்."

அக்காவின் புருஷன். வயதில் மூத்தவர். கை ஓங்க ஏலாது. வாய் திறந்தால் அக்காவுக்குத்தான் அடி விழும். அரைவாசி வேண்டாம் என்றேன். கார் போன இடத்தின் விலாசத்தை மட்டும் வாங்கினேன்.

கார் நசுக்கும் யார்ட்டில் அதைக் கண்டுபிடித்தேன். இன்னும் நசுக்கவில்லை. பற்றறி இல்லை. ஒயிலை, பெற்றோலை, தண்ணீரை எல்லாம் வடித்திருந்தார்கள். போன தடவை நான் ஊற்றிய ஒயில், இன்னும் தேன் நிறம், கறுப்பு எண்ணெய்ப் பீப்பாவுக்குள் போயிருந்தது.

யார்ட்காரன் வயதான வெள்ளைக்காரன். எஞ்சினையாவது விற்கச் சொல்லிக் கேட்டேன். தலையை ஆட்டினான். இந்தத் திட்டத்தில் வந்த காரில் ஒரு ஆணி கூட விற்க ஏலாது, தன் லைசன்ஸ் போய்விடும் என்றான்.

கொப்பியை எடுத்துக் காட்டினேன். நாலு வருடத்தில் அது ஓடியது மூவாயிரத்து அறுநூற்றுப் பதினாலு மைல்.

அவன் பார்த்தான். "இதை உன்னிடம் யார் கேட்டார்கள்?" என்றான். நக்கல் இல்லை. உண்மையைச் சொன்னான். காரில் பூட்டாத பொருள் ஏதும் இருந்தால் எடுத்துக்கொண்டு போகச் சொன்னான்.

டிக்கியைத் திறந்தேன். அரிசி மூட்டை கிடந்தது. தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அறையில் இருந்த மற்றவர்கள் சமைத்துச் சாப்பிட்டார்கள். நான் அந்தச் சோற்றைத் தொடவில்லை. பாண் தின்றேன்.

அடுத்த ஞாயிறுதான் கோயிலில் பூசை. கற்பூரம் காட்டி முடிந்ததும் அத்தான் சாவியை நீட்டினார்.

"இதின்ரை இன்சூரன்சிலையும் உன்ரை பேரை ரெண்டாவது டிரைவராப் போட்டிருக்கு. வேணுமெண்டா எடுத்து ஓடு."

"வேண்டாம்."

"கோவமோ?"

"இல்லை."

பொய்தான். ஆனால் கோபம் என்ற சொல்லும் சரியில்லை. அழுகின மீனை முகர்ந்த மாதிரி ஒரு அருவருப்பு. அத்தான் மேல், சட்டம் போட்டவன் மேல். எழுதி வாங்காத என் மேலும்.

ஒரு வருடம் போக, முதல் சர்வீசுக்கு அத்தான் அந்தக் காரை எங்கள் கராஜுக்கே கொண்டுவந்தார். முதலாளி என்னிடம் தந்தார். அக்கா முன் சீட்டில் இருந்தாள். செய்தேன்.

"நல்ல கார் தம்பி," என்றார் அத்தான். "முந்தி வேலைக்கு ரெயினிலைதானே போறனான். இப்ப எல்லா இடமும் இதிலைதான். மலிவா ஓடுது. லண்டனின்ரை மற்றப் பக்கம் ஸ்ட்ரெதமுக்குச் சாமான் வாங்கவும் இதிலை போறம்."

ஒயிலை வடித்தேன். கரி மாதிரிக் கறுத்து வந்தது. பில்டர் மாற்றினேன். ஜொப் கார்டில் மைல் எழுத வேண்டும். சாவியைத் திருப்பி மீட்டரைப் பார்த்தேன். எழுதினேன்.

ஒரு வருடத்தில் பதினோராயிரத்து நானூற்று இரண்டு.