டொக்டர் கேட்ட ஐந்தாம் ஆண்டு ரிப்போர்ட்

போன மாதம் டியூஷன் முடிந்து நின்ற மகளை மறந்து, கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி நான் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளை, அங்கே பாலத்தடி பஸ் தரிப்பிடத்தில் தனியாக நின்று அழுதிருக்கிறாள்.

பெரியவர்களுக்கும் ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாடு இருக்கலாம் என்கிறார்களே, பார்த்துவிடுவோம் என்று இன்று கண்டியில் ஒரு டொக்டரிடம் போனேன்.

முதலில் ஒரு கேள்வித்தாள் தந்தார்கள். தொழில் என்ற இடத்தில் "டீச்சர்" என்று எழுதினேன். "பொருட்களைத் தொலைப்பதுண்டா?" என்ற கேள்விக்கு "அடிக்கடி" என்று அடையாளமிட்டேன். நிமிர்ந்தால் என் நம்பர் துண்டைக் காணவில்லை.

"டீச்சர், உங்களுக்குத் தந்ததே ரெண்டாவது துண்டு, அதையும் தொலைச்சிட்டீங்களா!" என்று நர்ஸ் முறைத்தார். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

டொக்டர் தாளை ஒரு புரட்டுப் புரட்டினார்.

"டிகிரி முடிச்சிருக்கீங்க தானே? அப்ப இது இருக்க ஏலாதே."

பட்டமளிப்பு விழாவில் சான்றிதழோடு தடுப்பூசியும் போட்டுவிட்டார்கள் போலும்.

மகளை மறந்த கதையைச் சொன்னேன்.

"வேலைக் களைப்பா இருக்கும். இது சின்ன வயசிலயே இருந்திருக்கணும். ஐந்தாம் ஆண்டு ஸ்கூல் ரிப்போர்ட்டக் கொண்டு வாங்க, பாப்பம். ஒரிஜினல் வேணும்."

"டொக்டர், எல்லாத்தையும் தொலைக்கிறேன்னுதானே உங்கக்கிட்ட வந்திருக்கேன்?"

"அதத்தான் டீச்சர் நிரூபிக்கச் சொல்றேன்."

முப்பது வருடத்துக்கு முந்திய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இங்கே யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். உங்களுக்கு ஏடிஎச்டி இல்லையென்று, கேள்வித்தாளே இல்லாமல், நான் எழுதித் தருகிறேன்.