மூன்றாவது சொட்டு

ஒருவர் இறங்கி அடுத்தவர் வந்து ஏறுவதற்குள் மாஸ்டர் இருக்கையில் தலையைச் சாய்த்து, கீழிமையை இழுத்துப் பிடித்துச் சொட்டு மருந்தை விட்டுக்கொள்வார். மருந்து தொண்டைக்கு இறங்கிவிடாதபடி மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு கண்மூடி இருப்பார். பார்ப்பவர்களுக்கு அழுகையை அடக்குவது போலத் தெரியும். "அழலீங்க. கண்ணுக்குள்ள குழாய் அடைச்சுக்கிச்சு, அதுக்கு வைத்தியம்," என்பார்.

கார் ஓட்டக் கற்றுத்தருவது அவர் தொழில். ஓட்டுபவருக்கு இடப்பக்கம் உட்காருவார். காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். நடுங்கிக்கொண்டு வருகிறவர்களிடம், "வண்டிய ஓட்டுறது நீங்க. பயப்படுற வேலைய என்கிட்ட விட்டுடுங்க," என்பார். மிதித்து நொறுக்குகிறவர்களிடம், "அது கிளட்சுப்பா, கரப்பான்பூச்சி இல்ல."

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் அரிக்கிற நோய் அவருக்கு. முதல் மருந்தில் இமைமுடி நீண்டு அடர்ந்தது. "மை போடுறீங்களா மாஸ்டர்?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அழுத்தம் மட்டும் போதிய அளவு இறங்கவில்லை. இரண்டாவது மருந்து சேர்ந்தது. லேசர் வைத்தார்கள், கொஞ்ச காலம் அடங்கி, மறுபடி தலைதூக்கியது. மூன்றாவதும் சேர்ந்தது. "போன பார்வை திரும்பாதுங்க. இருக்கறதக் காப்பாத்தத்தான் இவ்வளவும்," என்றார் டாக்டரம்மா.

மூன்றாவது சொட்டு நாக்கை வறள வைத்தது. அதை வேண்டுமானால் பொறுத்துக்கொண்டிருப்பார், ஆனால் கூடவே தூக்கமும் வந்தது. பிரேக்கில் கால் வைத்திருப்பவன் கண்ணயர்ந்தால் என்ன ஆகும்? காலை வேளைகளில் அதை நிறுத்திவிட்டார். குப்பி சட்டைப்பையிலேயே கிடந்தது. மனைவி கேட்டால், "விட்டாச்சு, விட்டாச்சு."

அன்று ஓட்டியவர் தையல்காரம்மா. ஐம்பதை நெருங்குகிறவர், ஸ்டியரிங்கை யாரோ பிடுங்கப்போவதுபோல் இறுக்கிப் பிடிப்பார். சந்திலிருந்து சைக்கிளில் ஒரு பெரியவர் மாஸ்டரின் பக்கமாக வந்தார். மாஸ்டரின் கால் அசையவில்லை. அலறிக்கொண்டு பிரேக் போட்டது தையல்காரம்மாதான். அதற்குள் சைக்கிள் சாய்ந்துவிட்டது. பெரியவரின் மணிக்கட்டு முறிந்தது.

"உங்க பக்கந்தானே வந்தாரு! நீங்க பாக்கலையா மாஸ்டர்?"

"பாத்தேம்மா. நீங்களே புடிப்பீங்கன்னு விட்டேன்."

அந்த அம்மா அதை நம்பினார். பெரியவரின் கை தன் தாமதத்தால்தான் முறிந்தது என்று வீட்டில் சோறு இறங்காமல் கிடந்தார்.

மாஸ்டர் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்வை எதுவரை எட்டுகிறது என்று அளக்கும் மெஷினின் வெள்ளைக் குழிவுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினார். பிறகு வெகுநேரம் புள்ளியே வரவில்லை.

"மெஷின் நின்னுடுச்சும்மா," என்றார்.

"இல்லைங்க, ஓடிட்டுத்தான் இருக்கு," என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "மூணாவது மருந்து ஒழுங்கா விடுறீங்களா?" என்றார். "நான் கேக்காத நாளே இல்லீங்க," என்று மனைவி முந்திக்கொண்டார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். "காலையில விடலீங்க. தூக்கம் வருது. அப்புறம் எப்படி வேலை பாக்கறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மருந்து மாத்திக் குடுத்திருப்பேனே!"

மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அறுவை செய்தார்கள். அழுத்தம் இறங்கியது. வலக்கண்ணில் நடுப்பார்வை தங்கியது. இடப்பக்கப் பார்வை போனது போனதுதான்.

இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி அறையில் பலகையின் முன் நின்று சாலைக் குறிகள் சொல்லித்தருகிறார். கேட்பவர்களிடம், "முதுகு வலி, அதான் வண்டியில ஏறறதில்ல," என்று ஒரு கதை. இடமிருந்து யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். அதற்கும் முதுகின் மேல்தான் பழி.

போன வாரம் தையல்காரம்மா உரிமம் வாங்கிய கையோடு நேரே அங்கே வந்தார். மாஸ்டரின் இடப்பக்கம் நின்று, கூப்பிடாமலேயே அட்டையை நீட்டினார். மாஸ்டர் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நீட்டிய கை நீட்டியபடி நின்றது. அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு செருப்புச் சத்தம் கேட்காமல் மேசையைச் சுற்றி வலப்பக்கம் வந்து மறுபடி நீட்டினார்.

மாஸ்டர் அட்டையை வாங்கினார். அந்த அம்மா எங்கிருந்து சுற்றி வந்தார் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. முதுகு வலிக் கதை வாய்வரை வந்து நின்றது.

"அன்னிக்கு அந்தப் பெரியவர நான் பாக்கலம்மா," என்றார்.

மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துவந்து, தன் வலக்கைப் பக்கமாகப் போட்டார்.