எண்டர் அடிக்காத எடை

1998 ஆவணி மாதத்தின் முதல் புதன்கிழமை அது. நாள் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஆடியில் என் மச்சான் எதையும் தொடங்கமாட்டார். செவ்வாயில் முதல் எடை போடமாட்டார். வியாழனிலிருந்து எனக்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடையாது. மிஞ்சுவது புதன்தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். போடியிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றை அந்தப் பருவத்துக்குக் குத்தகை எடுத்திருந்தார். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி அறைக்குள் அடுக்கி, அடியில் ஓடும் தகரக் குழாயில் விறகுச் சூட்டை ஏற்றுவார்கள். ஆரம்பத்திலேயே சூடு ஐம்பது டிகிரியைத் தாண்டினால் காயின் பச்சை வெளுத்துவிடும். வெளுத்ததை மறுபடி பச்சையாக்க வழி கிடையாது.

முதல் லோடு மலைமேல் தோட்டம் வைத்திருக்கும் ஒரு முதலாளியுடையது. போன பருவத்தில் வேறொரு ஸ்டோரில் அவர் காய் மஞ்சளாக இறங்கியிருந்தது. அதனால் மூட்டைகளோடு தானும் ஜீப்பில் வந்து, அறைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மச்சானிடம் அவர் பேசியது கொஞ்சம்தான்.

“இது பச்சையா எறங்குச்சுன்னா மேல இருக்கற எங்க ஆளுக எல்லாரும் இங்கனதான். இல்லன்னா நானும் இல்ல, அவுகளும் இல்ல.”

குத்தகை எடுத்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

என் மனைவி அல்லிநகரத்தில் ஒரு கணினி மையத்தில் சி மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்காக ஒரு பழைய கம்ப்யூட்டரை ஸ்டோரில் வைத்து, உலர் அறையிலிருந்து ஒரு வெப்பமானி வயரை அதில் இணைத்திருந்தாள். அவள் எழுதிய ப்ரோக்ராம் சூட்டைப் படித்துத் திரையின் மேல்வரியில் காட்டும். ஐம்பதைத் தொட்டால் மணி அடிக்கும். மூட்டைகளின் எடையைப் பதிவதும் அதே ப்ரோக்ராம்தான். முன்பெல்லாம் அடுப்பு பார்ப்பவர் அடிக்கடி கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்ப்பார்; சூடு வெளியே போகும். இனிமேல் கதவைத் தொடவேண்டாம், மணி அடித்தால் மட்டும் சூட்டை வெளியே விடும் காற்றுப்பலகைகளைத் திறந்தால் போதும் என்று அவரிடம் சொல்லியிருந்தது. காலையில் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டிவிட்டு அவள் வகுப்பெடுக்கப் போய்விட்டாள். நான் அங்கேயே இருந்தேன்.

அந்த வட்டாரத்துக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தின் முதல் எடையைக் கணக்குப்பிள்ளை எழுதுவார். அதன் அடிக்கோட்டை மட்டும் கைராசிக்காரர் வந்து போடவேண்டும். மச்சான் வீட்டில் ராசியான கை அவர் மனைவியுடையது. அந்த அக்கா தேனியில் வேலை முடித்து மதியப் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. மூட்டைகளை நிறுத்துத் தட்டுகளில் பரப்பி அடுப்பைப் பற்றவைத்துச் சூடு நாற்பதைத் தாண்டியதும், கணக்குப்பிள்ளை எடை போடும் விசையை அழுத்தி, எண்களை அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். எண்டர் அக்காவுக்கு. முதலாளிக்கும் அது சரியாகவே பட்டது. நல்ல கை படட்டும் என்றார்.

காகிதத்தில் அடிக்கோடு காத்திருந்தால் எதுவும் கெட்டுப்போகாது.

மதியம் அக்காவுக்கு முன்பே என் மனைவி வந்துவிட்டாள். திரையின் மேல்வரியில் நாற்பத்தாறு. கீழே எடை, பக்கத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. இது எப்போது அடித்தது என்று கேட்டாள்.

“காலையிலயே அடிச்சாச்சு தாயி,” என்றார் கணக்குப்பிள்ளை. “அப்ப இருந்து நாப்பத்தாறுலயே அசையாம நிக்கிது. ஒங்க மிசினு வந்த யோகம்.”

அடுப்பு பார்ப்பவர், மணியே அடிக்கவில்லை, அதனால் தாராளமாக விறகு போட்டிருக்கிறேன் என்றார். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். விசைப்பலகைக்குப் போன அவள் கையை மச்சான் மறித்தார்.

“இரு ஆத்தா. ஒங்க மதினி பஸ்ஸு ஏறிட்டா.”

“அண்ணே, இது எண்டருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிது. சூட்டப் பாக்கவே இல்ல.”

“நாப்பத்தாறுன்னு போட்டுருக்கே.”

“அது எடை அடிக்க ஆரம்பிச்ச நேரத்துச் சூடு.”

முதலாளி எழுந்து வந்தார். அப்படியென்றால் இப்போது என்ன சூடு என்று கேட்டார். மச்சான் தன் கையை எடுத்துக்கொண்டார். அவள் எண்டரை அழுத்தினாள். நாற்பத்தாறு ஒரே தாவலில் ஐம்பத்தெட்டு ஆனது. மணி அடிக்கத் தொடங்கியது.

காற்றுப்பலகைகளைத் திறந்தார்கள். எரியும் விறகை வெளியே இழுத்துப் போட்டார்கள். முதலாளி அடியில் ஒரு தட்டையும் மேலே ஒரு தட்டையும் உருவித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேல்தட்டு பச்சையாகத்தான் இருந்தது. அடித்தட்டுக் காய்களில் நுனி வெளுத்திருந்தது.

“கணக்குப்பிள்ளையச் சொல்லாதீக,” என்றாள் அவள். “நான் எழுதுனதுலதான் தப்பு.”

தப்பை அவள் எனக்கு விளக்கியது இப்படி. விசை எதுவும் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று ப்ரோக்ராம் எட்டிப் பார்த்துக்கொண்டே சூட்டையும் கவனிக்கும். எடை விசை அழுத்தப்பட்டதும் ஸ்கான்எஃப் என்ற கட்டளைக்குள் போய்விடும். எண்டர் வரும்வரை அது திரும்பி வராது. சோதித்தபோது அவள் எண்ணை அடித்த கையோடு எண்டரையும் அடித்திருந்தாள். நடுவில் நிறுத்திவிட்டு ஒருவர் ராசியான கைக்குக் காத்திருப்பார் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

அங்கேயே உட்கார்ந்து மாற்றுகிறேன் என்றாள். நிறுத்திவிட்டால் சூட்டை யார் பார்ப்பது என்று முதலாளி விடவில்லை. கடைசியில் அடுப்பு பார்ப்பவர் பழைய வெப்பமானியோடு கதவருகே நிற்க, மச்சான் டிகிரியை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் ஸ்கான்எஃப்பை எடுத்தாள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சுற்றிலும் விசை வந்திருந்தால் மட்டும் ஓர் எழுத்தை வாங்கித் தன்னிடம் சேர்த்துவைத்துக்கொள்ளவேண்டும். வராவிட்டால் நிற்காமல் சூட்டைப் பார்க்கப் போகவேண்டும். எண்டர் வந்த பிறகுதான் சேர்ந்ததை எண்ணாக்கவேண்டும். தப்பாக அடித்ததை அழிக்கும் வேலையைக்கூட இனி அவளேதான் எழுதவேண்டியிருந்தது.

முதல் ஓட்டத்தில் சூடு நாற்பத்தேழு. நான் நாலு என்று அடித்தேன். திரையில் 474 என்று வந்தது. முதலாளி அறையை நோக்கி ஓடிவிட்டார். சூட்டை எழுதிய கர்சர் மேல்வரியிலேயே நின்றுவிட்டதால் என் நாலு அதோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். கர்சரை அவள் எடை வரிக்குத் திரும்பக் கொண்டுவந்தாள். இதற்கிடையில் வந்து சேர்ந்த அக்காவை யாரும் எதையும் தொட விடவில்லை. “அப்ப நான் அடுத்த பஸ்ஸுலயே போகட்டா?” என்று கேட்டுவிட்டு அவர் வாசலில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் காய் இறங்கியது. அடித்தட்டுகளைத் தனி மூட்டையாகக் கட்டி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு முதலாளி போய்விட்டார். அடுத்த லோடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. மலையிலிருந்து வேறு யாரும் வரவில்லை. அறை காலியாகக் கிடந்தது. மச்சான் சாலையைப் பார்த்தபடி வாசலிலேயே இருந்தார். தங்கச்சியிடம் கோபப்படவும் இல்லை, பேசவும் இல்லை. அந்த வாரம் அவள் வீட்டில் இரண்டு முறை குழம்பைத் தீய்த்தாள்.

அடுத்த வாரம், நாங்கள் போயிருந்த ஞாயிறன்று, ஜீப் வந்தது. முதலாளி மூட்டைகளை இறக்கச் சொல்லவில்லை. காலி அறைக்கு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எடை விசை எது என்று கேட்டு, ஒற்றை விரலால் இரண்டு எண்களை அடித்தார். எண்டர் அடிக்கவில்லை. இனி யாரும் கிட்ட வரக்கூடாது என்றார். அடுப்பு பார்ப்பவர் காற்றுப்பலகைக்குப் போகாதபடி அவரையும் தன் பக்கத்திலேயே நிற்கவைத்துக்கொண்டார்.

சூடு ஏறியது. ஒவ்வொரு எண்ணாக மாறுவதை அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். என் மனைவி சுவரோடு நின்று தன் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது வந்து, போகாமல் நின்றது. மச்சான் என்னைப் பார்த்தார். நான் உடனே திரைக்குத் திரும்பிவிட்டேன்.

ஐம்பது. மணி அடித்தது.

முதலாளி அதை உடனே நிறுத்த விடவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், “மூட்டைய எறக்குங்கப்பா,” என்று ஜீப்பைப் பார்த்துச் சொன்னார்.