அப்பா பெயருக்கு வந்த கடிதம்

அறுபத்தாறாம் வருஷம் மே மாதம் நான் ஜெபம்பண்ணுவதை நிறுத்திவிட்டிருந்தேன். கோபத்தில் அல்ல, களைப்பில். கோபம் வந்திருந்தால்கூட ஆண்டவரிடம் நாலு வார்த்தை பேசியிருப்பேன். முழங்கால் போட்டால் தூக்கம் வந்தது. தூங்கி எழுந்தால் குர்லாவுக்கு ரயில் பிடிக்க வேண்டியிருந்தது.

விசுவாசக் குடும்பத்தாரே, இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். எழுந்து நின்று சாட்சி சொல்லவும் எனக்கு வராது. போதகர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

என் பெயர் பாக்கியநாதன். தாராவியில் வரிசையாக அறைகள் கொண்ட ஒரு சாலில் ஒற்றை அறை, அம்மாவும் நானும். அப்பா வேதமாணிக்கம் தோல் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். அறுபத்திரண்டில் நெஞ்சுவலி வந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அம்மா முறுக்கு சுட்டுக் கடைகளுக்குக் கொடுப்பாள். நான் குர்லாவில் தகரப் பெட்டி செய்யும் ஒரு கார்கானாவில் பெயிண்டர். கல்யாணப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் ட்ரங்குப் பெட்டியின் மூடியில் இரண்டு ரோஜாவும் நாலு இலையும் இருக்குமே, அது என் கை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே ரோஜாதான். சிவப்பில் ஒரு சுழி, அதன் மேல் வெள்ளையில் ஒரு இழுப்பு, முடிந்தது. எனாமல் வாடை மத்தியானச் சோற்றில்கூட அடிக்கும்.

அதே நான்தான் சாயங்கால வகுப்பில் ஐந்து வருஷம் படித்து ஓவியத்தில் டிப்ளமா வாங்கியவன். அதற்கு மேல் படிக்க வேண்டும், ஓவியனாக வேண்டும் என்பது என் ஆசை. குஜராத்தில் ஒரு கல்லூரியில் அந்த மேற்படிப்பு இருந்தது. உதவித்தொகையும் உண்டு. தேசம் முழுக்க இருந்து விண்ணப்பம் குவியும், எடுப்பதோ விரல் விட்டு எண்ணக்கூடிய பேரை. இருபத்தாறு வயது தாண்டினால் விண்ணப்பிக்கவே முடியாது. எனக்கு அப்போது இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது.

முதல் தடவை அனுப்பிய விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்தது. ‘சர்நேம்’ என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். நம்மவர்களுக்கு ஏது சர்நேம்? அப்பா பெயரின் முதல் எழுத்து, அடுத்து நம் பெயர், அவ்வளவுதானே. சரிசெய்து அனுப்புவதற்குள் கடைசி நாள் போய்விட்டது.

இரண்டாம் தடவை அந்தக் கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டு அனுப்பினேன். எப்படியோ ஏற்றுக்கொண்டு நேர்முகத்துக்கும் கூப்பிட்டார்கள். படங்களைப் புரட்டிய ஆசிரியர் ஒருவர், ஒரு பெண்ணின் முகத்தில் விரல் வைத்து, “இந்தக் கன்னத்தில் ஏன் ரோஜாப்பூ இருக்கிறது?” என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். உண்மைதான். கன்னம், மேகம், வாழைப்பழத் தோல் எல்லாவற்றிலும் அதே சுழி, அதே வெள்ளை இழுப்பு. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் திரும்பி வரும் வழியில் ரயில் கழிவறைக்குள் நின்று அழுதேன்.

மூன்றாம் தடவைதான் கடைசித் தடவை. மாதுங்காவில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஒருவர் இங்கிலீஷ் பாரங்களை நன்றாக நிரப்புவார் என்று கேள்விப்பட்டு அவரிடம் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அந்தக் கட்டத்துல உங்க தோப்பனார் பேரை முழுசாப் போட்டுடுங்கோ. இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போடறா” என்றார். சரி என்று வேதமாணிக்கம் என்று முழுதாக எழுதினேன். ஏன் ஓவியம் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். முந்தின இரண்டு தடவையும் அழகழகான வார்த்தைகளாகப் போட்டிருந்தேன். இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை. ஒரே பூவைப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் போயிற்று. மே போயிற்று. அம்மா மட்டும் தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் எனக்காக ஜெபம்பண்ணினாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஜூன் பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. என்னோடு டிப்ளமா படித்த ஒருவனைச் சயான் ஸ்டேஷனில் பார்த்தேன். அவனுக்கு நேர்முகக் கடிதம் வந்துவிட்டதாம். வெள்ளி, சனி, திங்கள் மூன்று நாளும் நடக்கிறதாம். எனக்கு ஒன்றும் வரவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அன்றைக்கு அழுகைகூட வரவில்லை. போய் ரோஜா போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அறையில் வீட்டு ஜெபம். சாலில் உள்ள நம்மவர்கள் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முடிக்கும் முன் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் கிடைத்த ஒரு நன்மையைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ண வேண்டும். ஒருவர் மகளுக்குக் காய்ச்சல் விட்டதைச் சொன்னார். இன்னொருவர் கூரை ஒழுகாமல் நின்றதைச் சொன்னார். என் முறை வந்தது.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

பக்கத்து அறை எஸ்தர் அக்கா, “ஒரு வாரத்துல ஒண்ணுமே இல்லையாப்பா?” என்றாள்.

“ஒண்ணுமில்லக்கா.”

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். “அவன் ஒண்ணுமில்லங்கான். அவனுக்கும் சேத்து நான் சொல்லுதேன்” என்று ஆரம்பித்தாள். “போன வாரம் அவுக பேருக்கு ஒரு காயிதம் வந்துச்சு. அவுக போயி நாலு வருசமாச்சு. இன்னமும் அவுகள நெனச்சு ஒருத்தர் காயிதம் போடுதாகளேன்னு எனக்கு மனசு நெறஞ்சுபோச்சு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.”

எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் சொன்னேன். முடிவுப் பாட்டுக்கு எழுந்து நின்று இரண்டு அடி பாடியும் விட்டோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அம்மா, யாரு பேருக்கு வந்துச்சு?”

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சபைப் பதிவுக்குக் கேட்டால்கூட அம்மா என்னைத்தான் சொல்லச் சொல்வாள். அன்றும் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைக் கையால் காட்டினாள்.

“அந்தக் காயிதம் எங்க?”

“திருப்பி அனுப்பிட்டேன். அந்தப் புது டாக்வாலா வாசல்ல நின்னு அவுக பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. அவுக இல்லைன்னு, வோ நஹி ஹைன்னேன். எங்க போயிட்டாகன்னு, கிதர் கயான்னு கேட்டாரு. நான் மேல கையக் காட்டினேன். உடனே தொப்பியக் கழட்டிட்டாரு, நல்ல மனுசன். கவர்ல என்னமோ எழுதிக் கொண்டுபோயிட்டாரு.”

“கவர் எப்பிடி இருந்துச்சு?”

“நீளமா, பழுப்பா. கிட்டங்கியில இருந்து வந்திருக்கும்னு நெனச்சேன்.”

கிட்டங்கியில் இருந்து அப்பா உயிரோடு இருந்த காலத்திலேயே கடிதம் வந்ததில்லை. அது என் கடிதம். நான் எழுதிக் கொடுத்த சர்நேமை மட்டும் கவரின் மேல் டைப் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஏ ராசா, நானே கெடுத்துட்டேனே” என்றாள். இல்லம்மா, நீ சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அப்போதுதான் எனக்குள் ஜெபம் வந்தது. நீளமான ஜெபம் இல்லை. ஆண்டவரே, திங்கட்கிழமை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனையை விட்டுவிட்டு வண்டி ஏறுவதா என்று தயங்கினேன். “நீ வண்டிக்குப் போ, நான் கோயிலுக்குப் போறேன். ரெண்டும் அவருக்குத் தெரியும்” என்று அம்மா முறுக்குப் பொட்டலத்தைப் பையில் திணித்தாள். என் நல்ல படங்களெல்லாம் பாண்டுப்பில் ஒரு நண்பன் வீட்டில் இருந்தன, எங்கள் கூரை ஒழுகும் என்று பயந்து வைத்தது. அந்தப் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் ஓடவில்லை. கையில் இருந்தது படம் போடும் நோட்டு ஒன்று மட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கார்கானா ஆட்கள் தகரத்தின் மேலும் பெட்டிகளுக்கு நடுவிலும் தூங்குவார்கள். அவர்களை அதில் அடுப்புக்கரியால் வரைந்து வைத்திருந்தேன். கரியில் ரோஜாச் சுழி வராது, அதனால்தான் கரியை எடுத்தேன். யாருக்கும் காட்டுவதற்காக வரைந்தவை அல்ல.

திங்கட்கிழமை காலை கல்லூரி அலுவலகத்தில் போய் நின்றேன். பட்டியலில் என் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. எழுத்தர் ஒரு பழுப்புக் கவரை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வேதமாணிக்கம் காலமாகிவிட்டார் என்று எழுதி வந்திருக்கிறதே” என்றார் இந்தியில்.

“காலமானது அப்பா. விண்ணப்பித்தது நான்.”

“அப்படியானால் வேதமாணிக்கம் யார்?”

“அப்பாதான். இந்தப் பாரத்தில் மட்டும் நான்.”

இனிஷியல் என்றால் என்ன, எங்கள் ஊரில் எப்படிப் பெயர் வைப்பார்கள் என்று விளக்கி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் அவர் சிரித்துவிட்டார். சிவப்புக் கோட்டின் பக்கத்தில் ஒரு கையெழுத்தைப் போட்டு, வரிசையின் கடைசியில் என்னை உட்காரவைத்தார்.

உள்ளே அதே ஆசிரியர் இருந்தார். மற்றவர்கள் பெரிய பெரிய கட்டுகளோடு வந்துபோன அறையில் நான் ஒரு நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “ஏன் எல்லாரும் படுத்திருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

“அலுப்பு சார்” என்றேன்.

இன்னும் சில பக்கம் புரட்டிவிட்டு, “ரோஜாப்பூ எங்கே?” என்றார்.

“அது கார்கானாவில் இருக்கிறது சார்.”

அவர் சிரிக்கவில்லை. நோட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். போகலாம் என்றார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் மழையில் நனைந்ததற்குக் காய்ச்சல் கண்டு படுத்தேன். அம்மா மட்டும் தபால் வரும் நேரத்துக்குத் தினமும் வாசலில் போய் நின்றாள். இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அந்த டாக்வாலா வந்தார். கவரைப் படித்துவிட்டு அவர் தயங்கியதைப் படுத்தபடியே பார்த்தேன். செத்துப்போன மனிதருக்கு மறுபடியும் கடிதம் வந்தால் பாவம், அவர் என்ன செய்வார்? மெதுவாக, “வேதமாணிக்கம்...” என்றார்.

அம்மா மாவுக் கையைச் சேலையில் துடைத்தாள். நான் பிறந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் வாயிலிருந்து நான் கேட்டிராத அந்தப் பெயரைச் சொன்னாள். “வேதமாணிக்கம் ஹை” என்றாள், இருக்கிறார் என்று. அவர் நம்பாமல் நின்றார். அம்மா இன்னும் சத்தமாக, “ஹை. அந்தர் ஹை. ஹமாரா லட்கா ஹை”, உள்ளேதான் இருக்கிறார், எங்கள் பையன்தான் என்று சொல்லிக் கையை நீட்டிக் கவரை வாங்கினாள்.

எனக்கு இடம் கிடைத்திருந்தது.

படித்து முடித்து வந்துவிட்டேன். இப்போது செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். வீட்டில் சொந்தமாகப் படமும் போடுகிறேன். படத்தின் மூலையில் வேதமாணிக்கம் என்றுதான் கையெழுத்து. களைப்பு எனக்கு முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் முழங்கால் போட்டால் சில நாள் தூக்கம் வருகிறது. ஆனால் ஜெபத்தை நிறுத்துவதில்லை, தூங்கிக்கொண்டாவது செய்கிறேன். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாளிலேயே பதில் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. அம்மா ஸ்தோத்திரம் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாவுக்காகவும் அவளை அன்றைக்கு வாய் திறக்கவைத்தவருக்காகவும் நான் நன்றி சொல்லாத நாள் இல்லை.

ஆகையால் பிரியமானவர்களே, உங்கள் வீட்டு ஜெபத்தில் உங்கள் முறை வரும்போது என்னைப்போல ஒண்ணுமில்ல என்று சொல்லிவிடாதீர்கள். சின்ன விஷயமானாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்காகக் காத்திருக்கிற ஒருவர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஆண்டவர் இல்லையோ என்று நினைக்கிற அளவுக்குக் களைத்துப் போனவர்கள் உங்களில் இருந்தால், அம்மாவுக்குத் தெரிந்த அந்த அரைகுறை இந்திதான் என்னிடம் இருக்கிறது. ஹை.