லாயத்து வளைவில் மச்சான் முகம்

எங்கள் தெருக் கொத்தனார் நாலரை அடி உயரம். அதனால் எல்லோரும் அவரை ‘ஏணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாகப் பெரிய வீட்டின் பின்பக்கத்தை மட்டும் பூசி வருகிறார்.

பெரிய வீட்டுக்கு இருநூறு வயசு. முன்பக்கம் ஆறு தூண். ஒவ்வொன்றையும் கட்டிப்பிடிக்க மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவராவது குரங்காக இருந்தால் நல்லது. ஜன்னல்களுக்கு மேலே பிறை மாதிரி கண்ணாடி. வாசலுக்கு மேலே சுதையில் இரண்டு சிங்கம், இரண்டுக்கும் மூக்கு இல்லை. பின்னால் கல் பாவிய முற்றம், அதைத் தாண்டிக் குதிரை லாயம். லாயக் கதவுகள் இடுப்போடு இரண்டாக வெட்டியவை. மேல் பாதியைத் திறந்தால் குதிரை தலையை நீட்டும். கீழ்ப் பாதி அதை ஓட விடாது. வண்டி நுழையும் வளைவின் உச்சியில் ஒரு சுதைக் குதிரைத் தலை.

அந்தத் தலை போன மழையில் விழுந்து தூள் தூளானது.

சாவதற்குள் ஒரு தடவையாவது முன்பக்கத்தில் கரணை வைத்துப் பூசிவிட வேண்டும் என்பதுதான் ஏணியின் ஒரே ஆசை. பெரிய வீட்டுக்கார அம்மா விட்டதே இல்லை. இப்போது அவரே சொன்னார்:

“இந்தக் குதிரையை ஒழுங்கா செய். முன்பக்கத்துச் சிங்கம் உனக்கு. சொதப்பின, லாயத்துப் பக்கமே தலைவெச்சுப் படுக்காத!”

ஏணி குதிரையை நேரில் பார்த்ததே இல்லை. லாயத்தில் இப்போது நிற்பது கார். பழைய போட்டோவில் குதிரைத் தலை எள்ளு சைஸ். வீட்டுக்கு வந்து புலம்பிக்கொண்டே சாப்பிட்டவர், எதிரே மென்றுகொண்டிருந்த மனைவியின் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் நெற்றியிலிருந்து புறப்பட்டால் மோவாய்க்கு வந்து சேர அரை நாளாகும்.

மறுநாள் காலை மச்சான் லாயக் கதவுக்குப் பின்னால் நின்றார்.

“கழுத்தை நீட்டு மச்சான். இன்னும். பல்லைக் காட்டு.”

“கழுத்து வலிக்குது மாமா.”

“குதிரை பேசுமாடா? மூக்கை விடைச்சுக்கிட்டு சும்மா நில்லு.”

மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் சாரத்தைப் பிரித்தார்கள். தெருவே வந்து அண்ணாந்து பார்த்தது. காதும் பிடரியும் குதிரைதான். மற்றதெல்லாம் மச்சான். அந்தக் கழுத்து வலிகூட அப்படியே வந்திருந்தது.

“அய்யோ தம்பி, அங்க ஏன்டா ஏறி உக்காந்திருக்க?” என்று ஏணியின் மனைவி அலறினார்.

வீட்டுக்கார அம்மா மேலே பார்த்தார். மச்சானைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். ஏணிக்கு வேர்த்து, சட்டையைப் பிழிந்தால் ஒரு சட்டி சிமெண்ட் குழைக்கலாம். அம்மா பூதக்கண்ணாடியை எடுத்துவரச் சொல்லிப் பழைய போட்டோவை உற்றுப் பார்த்தார்.

“அடப்பாவி, பழைய குதிரைக்கும் இதே முழிதான்யா!”

சிரித்த சிரிப்பில் அவர் கீழ்ப் பாதிக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. “சரி, முன்பக்கம் உனக்கு. சிங்கத்துக்கு யாரைப் பாத்து செய்யப் போற?”

ஏணி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார்.

“அம்மா, அப்படியே வெளிச்சத்துக்கு வந்து, என்னை இன்னொரு தடவை திட்டுங்களேன்.”