என் தம்பிக்குக் குறைத்து வைத்த கரண்ட்

சில வருடங்களுக்கு முன், மாங்காய்ப் பருவம் தொடங்கும் நேரத்தில், திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. அப்போது நான் பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். என் தம்பி பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் ஏலம் கூவுகிறவன். பீடி, பாக்கு எதையும் தொட்டதில்லை. அவனுக்குப் போய்த் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். ஒரு வைரஸால் வந்த வகையாம். லீவு போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

தினமும் கரண்ட் வைப்பார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது பிச்சாட்டூர்க்காரர் ஒருவர் பழக்கமானார். அவருக்கும் தொண்டைதான், மொத்தம் ஏழு வாரம். மகன் குவைத்தில் இருந்ததால் பணம் கட்டியே வைத்தியம். தம்பிக்கும் ஏழு வாரம்தான் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது வாரம் அவன், ரத்தப் பரிசோதனை நன்றாக வந்திருக்கிறது, அதனால் கரண்டைக் குறைக்கப் போகிறார்கள் என்றான்.

அரசாங்கக் காப்பீட்டுக் கார்டில் இலவசமாக வந்தவன்தானே என்று பாதியில் கைகழுவுகிறார்கள், நோய் திரும்பி வந்துவிடும் என்றே தோன்றியது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். டாக்டரம்மா வெளியே வந்ததும் எல்லோர் எதிரிலும் தெலுங்கில் பிடித்துக்கொண்டேன். பிச்சாட்டூர்க்காரரைக் கைகாட்டி, பணம் கட்டினால் முழுசு, கார்டு என்றால் அரைகுறையா என்று கேட்டேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. உட்கார வைத்துச் சொன்னார். இந்த வகைக் கட்டியிலிருந்து வைரஸின் தடம் ரத்தத்தில் கலந்திருக்குமாம். தம்பிக்கு அது சீக்கிரமே மறைந்துவிட்டதாம். அப்படிப்பட்டவர்களுக்குக் குறைந்த அளவே போதுமா என்று பார்க்கும் ஆராய்ச்சியில், தம்பி விவரம் கேட்டுத்தான் சேர்ந்திருக்கிறான். வேண்டாமென்றால் முழுசாகவே வைக்கிறோம் என்றார். முழுசுதான் வேண்டும் என்று நான் அடித்துச் சொன்னேன்.

பிச்சாட்டூர்க்காரர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் திறந்தார்.

"எனக்கு பொகையிலயால வந்ததும்மா, முழுசா வச்சாத்தான் ஆவும். அந்த கரண்டால எச்சி ஊறல, தண்ணி இல்லாம ஒரு வாய் சோறு துன்ன முடியல. கொறைச்சலா போதும்னா உன் தம்பி குடுத்து வச்சவன். கூவிக்கினு பொழைக்கிறவனாச்சே, தொண்டை வேணும்ல."

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். "பயமாத்தான் இருக்குதுக்கா. ஆனா ரோசன பண்ணித்தான் கையெழுத்து போட்டேன்."

அவன் இஷ்டப்படியே குறைத்து வையுங்கள் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

தம்பி இன்றும் மண்டியில் ஏலம் கூவுகிறான். தவறாமல் சோதனைக்குப் போய் வருகிறான், இதுவரை நோய் திரும்பவில்லை. டாக்டரம்மாவிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பிச்சாட்டூர்க்காரரிடம் கேட்கப் போனபோது, அவரோ, என் தம்பி நன்றாகச் சாப்பிடுகிறானா என்று விசாரித்தார். நான் யாரைக் காட்டிச் சண்டை போட்டேனோ அவரே, தனக்குக் கிடைக்காதது என் தம்பிக்குக் கிடைத்ததை எண்ணி மனதார மகிழ்ந்தார். அப்படி ஒரு மனசு எனக்கு வாய்க்குமா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.