தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் அனுதாபச் செய்தி

பெயர் சொல்லி அழைக்கும் முன்பே ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்துவிடுவார். கோட்டின் நடுப் பொத்தானைப் பூட்டியபடி முன்னே நடப்பார். ஒலிவாங்கி இருந்தால் விரலால் தட்டிப் பார்ப்பார். இல்லாவிட்டால் இருப்பதுபோலவே பேசுவார். அரங்கேற்றமோ தகனமோ, தொடக்கம் ஒன்றுதான்: "பேச வேணுமெண்டு நான் வரேல்லை. பேசச் சொல்லிப்போட்டினம்." சொன்னவர் யார் என்று லண்டனில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

தொழில் ஆயுள் காப்புறுதி. லண்டனின் சட்டன் பகுதியில் ஒரு சலவைக் கடைக்கு மேல் அறை வைத்திருக்கிறார். சாவீட்டில் விசிட்டிங் கார்ட் நீட்டக்கூடாது என்பது தெரிந்தவர். அதனால் கார் பார்க் வரை பொறுத்திருப்பார். "இப்ப வேண்டாம். மனம் ஆறினாப்பிறகு எடுங்கோ." மயிருக்குப் பூசும் கறுப்புச் சாயம் மழையில் காதோரம் இறங்கும் என்பதால் குடையில்லாமல் வெளிக்கிடமாட்டார். போன ஆடி வரை அந்தக் குடையைப் பிடிக்க ஆள் இருந்தது.

அவருக்கு எங்கள் ஊர் நலன்புரிச் சங்கத்தின் தலைவராக வேண்டும். வேறு ஆசைகள் இருப்பதாகத் தெரியவில்லை. பத்து வருடமாக இதற்காகவே கைகுலுக்குகிறார். எங்கள் சங்கத்தில் தேர்தலை ஒருவரும் விரும்புவதில்லை. பொதுக்கூட்டத்தில் இருவர் போட்டியிட்டால் சங்கம் இரண்டாகிவிடும் என்று பயம். ஆகவே முன்கூட்டியே யாராவது ஒருவர் வீட்டில் கூடி, இன்னார்தான் என்று முடிவெடுத்துவிடுவார்கள். பொதுக்கூட்டத்தில் செய்வதற்கு மிஞ்சியிருப்பது ஏகமனதாகக் கைதட்டுவதுதான். 1992இல் அந்தக் கைதட்டல் தனக்கே என்று அவர் நம்பினார். மற்றவர்களும் நம்பினார்கள். ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு அவர் வரும் வெள்ளிக்கிழமைகளில் பின்னால் ஒரு கூட்டம் வரும். ஒருவர் குடை, இன்னொருவர் கோட்டு, மூன்றாமவர் அர்ச்சனைத் தட்டு.

பிறகு ஜெனரேற்றர் வந்தது. சரியாகச் சொன்னால், வரவில்லை.

வடக்கில் கிளிநொச்சிக்கும் அப்பால் இருக்கும் எங்கள் ஊர் ஆசுப்பத்திரிக்கு ஜெனரேற்றர் வாங்கவென்று லூயிஷாமில் அவர் ஒரு கலைமாலை நடத்தினார். மண்டபம் நிறைந்தது. இருக்கை கிடைக்காதவர்களும் காசு கொடுத்தார்கள். சித்திரையில் விசாரித்தவர்களுக்கு, "அது கிளிநொச்சி தாண்டீட்டுது" என்றார். ஆனியில், "வவுனியாவிலை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள்." ஆடியில், "கொழும்பு ஹாபரிலை கப்பலுக்குள்ளை நிக்குது." ஜெனரேற்றர்கள் எனக்குப் பழக்கமானவை. என் தொழில் அது. தானாகத் தெற்கு நோக்கி நகரும் ரகத்தை நான் இன்னும் கண்டதில்லை.

முதலில் கேள்வி கேட்டவர் என் அப்பா. ஆடி மாதச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "சிறி, ரசீதைக் காட்டன்" என்றார். "அண்ணைக்கு வயசு போட்டுது, எல்லாத்திலையும் சந்தேகம்" என்று சிறி சிரித்தார். அவரோடு கூடவே சிலரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி அப்பாவுடன் உட்காரவில்லை. கோயிலில் தட்டு ஏந்தியவருக்கு வெள்ளிக்கிழமை ஷிப்ட் விழுந்தது. கோட்டுக்காரருக்கு முதுகு பிடித்தது. குடையை அவரே பிடிக்க வேண்டியதாயிற்று.

ஆவணியில் அப்பா நோயில் விழுந்தார். சிறி திராட்சையுடன் ஆசுப்பத்திரிக்கு வந்தார். அப்பா கண்ணைத் திறந்து, "ஜெனரேற்றர் போயிட்டுதோ?" என்று கேட்டார். சிறி திராட்சையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கிழமை முடியுமுன்பே அப்பா இறந்தார்.

தகனத்தில் அவரைப் பேச அழைக்கவில்லை. எழுந்தார். பொத்தானைப் பூட்டினார். "கடைசி மூச்சிலையும் அண்ணை என்னட்டைக் கேட்டது என்ன தெரியுமோ? 'சிறி, ஜெனரேற்றர் போயிட்டுதோ?' அவ்வளவு ஊர்ப்பற்று!" சிலர் கண்ணைத் துடைத்தார்கள். சொற்கள் அப்பாவுடையவைதான். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். அதை நானே என் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சிறி தொலைபேசியில் அழைத்து, தன் அனுதாபச் செய்தியை மூச்சுவிடாமல் சொன்னார். ஆலமரம், இமயமலை, வலக்கை எல்லாம் இருந்தன.

"கீழை என்ன போட, அங்கிள்?"

"என்ரை பேர். அதுக்குக் கீழை 'தலைவர்' எண்டு போடு பிள்ளை."

"இன்னும் முடிவாகேல்லையே."

"முப்பத்தொண்டுக்கு முந்தின ஞாயிறு முடிஞ்சிடும். புத்தகம் சனத்தின்ரை கைக்கு வரேக்கை நான் தலைவர்தானே? பிறகு பிழையாய் அடிச்சுப்போட்டாய் எண்டு உன்னைத்தான் பேசுவினம்."

அந்த ஞாயிறு செல்வமலர் அக்கா வீட்டில் கூடினோம். லூயிஷாமில் எங்கள் ஊர்ச் சனம் கூடும் வீடு அதுதான். அப்பாவின் இடத்துக்கு நான் போனேன். கேள்வியை நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அண்ணை," என்றார் செல்வமலர் அக்கா, வடைத் தட்டை நீட்டியபடியே. "சித்திரையிலை கிளிநொச்சி, ஆனியிலை வவுனியா, ஆடியிலை கொழும்பு. இந்த வேகத்திலை வந்தால் உங்கடை ஜெனரேற்றர் தைப்பொங்கலுக்கு என்ரை வாசலிலை நிக்குமே!"

அறை முழுவதும் சிரித்தது. ஆடியில் அப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்களும்தான்.

சிறி சிரிக்காமல் இருந்து பார்த்தார். பிறகு, "பகிடியை விடுங்கோ. இன்னும் ஓடர் குடுக்கேல்லை. காசு என்னட்டைப் பத்திரமாய்க் கிடக்குது" என்றார்.

"எந்த பாங்கிலை?"

"எல்லாத்தையும் இப்பிடிக் கேட்டால் ஆர் பொதுவேலைக்கு வருவினம்?"

தலைவர் பதவிக்கு ஒருவர் யோகராஜாவின் பெயரைச் சொன்னார். யோகராஜா பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்பவர். அப்போது குசினியில் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்தபடி வந்து, "எனக்கேன் இந்தக் கரைச்சல்" என்றார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். ஏகமனதாக. சிறி காசை ஒரு மாதத்துக்குள் சங்கத்தின் கையில் வைக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. அந்த மாதம் முடிந்து பல மாதமாகிறது.

கூட்டத்துக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில் சிறி என்னை அழைக்கவில்லை. நானும் அவரை அழைக்கவில்லை. அவர் செய்தியை எழுத்துப் பிழைக்காக மட்டும் சரிபார்த்தேன். புத்தகம் அச்சுக்குப் போயிற்று.

மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன்பே அந்தப் பக்கம் கைமாறத் தொடங்கிவிட்டது. செல்வமலர் அக்கா என் தோளைத் தொட்டு, "பிள்ளை, எங்களுக்கு இப்ப இரண்டு தலைவரோ?" என்றார்.

"ஓம் அக்கா. ஒராள் அச்சிலை."

அப்பா போனபின் நான் சிரித்தது அப்போதுதான்.

சிறி பிந்தி வந்தார். சனம் அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டது. நேராக நான் நின்ற மேசைக்கு வந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தில் அப்பாவின் படம். அதைத் தெரிவுசெய்யத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது. கட்டைவிரலால் அதைத் தள்ளிவிட்டுத் தன் பக்கத்துக்குப் போனார். வாசித்தார். கீழே வரை வாசித்தார். முகம் சிவக்கும், சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன்.

"வடிவாய் வந்திருக்கு," என்றார். "எனக்கு ஒரு கட்டுத் தா பிள்ளை. ஊருக்கு அனுப்ப வேணும்."

"சண்டையிலை பாதை பூட்டியெல்லோ கிடக்குது, அங்கிள்?"

"சீ, இது போகும்."

கட்டைக் கொடுத்தேன். அவர் சுவரோரம் ஒரு கதிரையில் இருந்து, புத்தகங்களை மடியில் வைத்து, ஒவ்வொன்றிலும் தன் பக்கத்தின் மேல் ஓரத்தை நகத்தால் அழுத்தி மடித்து, பைக்குள் அடுக்கத் தொடங்கினார்.